மறு: வாடல் பாக்டீரியா – ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்கு என்ன சொல்?

> ஐயா, தக்காளி வாடல் கட்டுரையில் ‘ஸ்ட்ரெய்ன்’ வரும் இடத்தில் ‘திரிபு’ என்றே போடலாமா? கொரோனா காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

வணக்கம். வேண்டாம் என்பேன். திரிபு என்றால் முதலில் ஒரு மூலம் இருக்கவேண்டும். கொரோனாவுக்கு அது பொருந்தியது. வூகானில் கண்டதை வைத்து மற்றவற்றை ஒப்பிட்டார்கள். வாடல் நோயைத் தரும் பாக்டீரியாவான ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் அப்படியல்ல. அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் 1896இல் அதை விவரிப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தோனேசியா என்று தனித்தனியாகக் கிளைத்துவிட்டது. இதில் எதை மூலம் என்பது?

வாடிய செடியின் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் இழை இறங்கும். அந்த இழை பாக்டீரியாதான். அதை ஆய்வகத்தில் ஊட்டம் நிரப்பிய தட்டில் கீறி வளர்த்து, தனித்து நிற்கும் ஒரே ஒரு திரளை எடுத்துப் பெருக்குகிறார்கள். அந்த ஒன்றின் வாரிசுகள்தான் ஸ்ட்ரெய்ன். அரச மரபுகளைப் பேசும்போது நாம் கையாளும் ‘கால்வழி’ இதற்கு அப்படியே பொருந்துகிறது.

> ‘வட்டார வகை’ இன்னும் எளிதாக இருக்குமே?

எளிதுதான், ஆனால் தவறாகிவிடும். 2002இல் முழு மரபணுத்தொகுதியும் வெளியான ஜிஎம்ஐ1000 என்னும் கால்வழி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், தக்காளியிலிருந்து பிரித்தது. ஆனால் அது ஆசியக் கிளையைச் சேர்ந்தது. பிடிபட்ட ஊர் வேறு, வந்த வழி வேறு. 2014இல் இந்த பாக்டீரியாவை மூன்று சிற்றினங்களாகப் பிரித்தபோது ஜிஎம்ஐ1000இன் சிற்றினப் பெயரே மாறிப்போனது. அப்போதும் கால்வழி அதேதான்.

‘ரேஸ்’ என்பதற்கு ‘இனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கைப் பாடநூல்களில் இனம் என்றால் நம் சிற்றினம். அங்கே படிக்கும் மாணவர் குழம்பிவிடுவார். தாக்கும் பயிரைக் கொண்டு பிரித்ததுதானே இது? தக்காளி முதலான பலவற்றுக்குப் பொதுவாக முதலாவது, வாழைக்கு இரண்டாவது, உருளைக்கிழங்குக்கு மூன்றாவது, இஞ்சிக்கு நான்காவது, மல்பெரிக்கு ஐந்தாவது. நோய்க்கிருமி தங்கி வாழும் செடி ஓம்புயிர், ஆகவே ‘ஓம்புயிர்க் குழு’. ‘பயோவார்’ என்பது 1964இல் ஹேவர்ட் வகுத்தது. எந்தெந்தச் சர்க்கரையையும் சர்க்கரை ஆல்கஹாலையும் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது. அதற்கு ‘நுகர்வகை’. மேலே சொன்ன ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தோனேசியா கிளைகள்தான் ‘ஃபைலோடைப்’, அதற்கு ‘மரபுக்கிளை’. அதற்குள் மரபணுத் தொடரின் ஒற்றுமையை வைத்துப் பிரிப்பது ‘சீக்வெவார்’, அது ‘தொடர்வகை’ என்று இருக்கட்டும், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றலாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தேவை. 2003இல் கென்யாவிலிருந்து அமெரிக்கப் பசுங்குடில்களுக்குப் போன ஜெரேனியம் என்னும் பூச்செடி நாற்றுகளில் இந்த நோய் வந்து, செடிகளை அழிக்க நேர்ந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாடல் நோய் முன்பே உண்டு. பின் ஏன் அத்தனை பதற்றம்? வந்தது குளிரைத் தாங்கி உருளையைத் தாக்கும் குழு, மூன்றாம் ஓம்புயிர்க் குழுவின் இரண்டாம் நுகர்வகை. எல்லாவற்றையும் ‘வாடல் பாக்டீரியா’ என்று ஒரே பெயரில் எழுதினால் இந்தச் செய்தியே வாசகருக்குப் புரியாது. எதிர்ப்பு ரகம் என்று வாங்கி நட்ட தக்காளி இன்னொரு மாவட்டத்தில் ஏன் சாய்கிறது என்று உழவர் கேட்டால் சொல்லவும் நம்மிடம் சொல் இராது.

> ‘டைவர்சிட்டி’க்கு வேறுபாடு போதாதா? பன்மை என்றால் இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

வேறுபாடு இரண்டுக்கு நடுவே இருப்பது. பல கால்வழிகள் ஒரே நிலத்தில் கலந்து கிடப்பதை அது சொல்லாது. ‘பன்மைச் சமூகம்’ என்னும்போது யாருக்கும் ஒருமை, பன்மை நினைவுக்கு வருவதில்லை. என் பரிந்துரை: கால்வழிப் பன்மை. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “கத்தரி வயல்களில் வாடல் பாக்டீரியாவின் கால்வழிப் பன்மை மிகுதி, எனவே ஒரே எதிர்ப்பு ரகத்தை நம்ப முடியாது.”

விக்சனரியில் ஏற்றும் முன், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து வேளாண் ஆசிரியர்கள் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.