திருகோணமலை உவர்மலை வீட்டு அரட்டைக் குழு: ஆரணியின் பதிவேட்டு வேலை

சின்னம்மா: ஆரணி, மெல்பேணில் உனக்கு வேலை கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னார். நீ படித்தது சுவடிகள் காப்பு அல்லவா? கிடைத்தது என்ன வேலை என்று எங்களுக்கும் விளங்கும்படி எழுது.

ஆரணி: ஒரு நகர சபையின் பதிவேட்டுப் பிரிவில் ஆறு மாதத் தற்காலிக வேலை, சின்னம்மா. முதல் ஐந்து கிழமையைப் பெரிய காப்பகங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியே வீணாக்கினேன். கன்பராவிலுள்ள தேசியக் காப்பகம் போன்ற மத்திய அரச நிறுவனங்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர்களையே எடுக்கின்றன. விடுமுறைக்கு வந்து வேலையும் செய்யும் இளைஞருக்கான என்னுடைய 417 விசாவிலோ பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஆள் தேடுபவர்கள் விசாவின் பெயரைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுகிறார்கள். தற்காலிக ஆட்களை அனுப்பும் முகவர் நிலையமொன்றில் பதிந்த பிறகுதான் அழைப்பு வந்தது. அவர்கள் என் முதுகலைப் பட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, “டிரிம் தெரியுமா?” என்றுதான் கேட்டார்கள்.

பெரியமாமா: அது என்ன, பிள்ளை?

ஆரணி: எந்தக் கோப்பு எந்தப் பெட்டியில், யாரிடம் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் மென்பொருள், மாமா. கன்பராவில் உருவானது. இப்போது கன்டென்ட் மனேஜர் என்று பெயர் மாறிவிட்டாலும் பழையவர்கள் டிரிம் என்றே சொல்கிறார்கள். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கோப்பையும் எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எதை என்றைக்கும் காக்க வேண்டும் என்று அரச அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு செய்வதுதான் என் வேலை. நேற்று ஒரு கட்டட அனுமதிக் கோப்பில் துருப்பிடித்த ஊசி தாளோடு ஒட்டிக் கிடந்தது. அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டொன்றைச் செருகி, தாள் கிழியாமல் அதைக் கழற்றக் கால் மணி நேரமானது.

பெரியமாமா: அரச செயலகமான கச்சேரியின் பதிவறையில் எனக்கும் அதே ஊசிதான் எதிரி; கடற்காற்றும் கறையானும் அதற்குக் கூட்டு. எங்களுக்கு இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இருந்தது. அங்கே எப்படி?

ஆரணி: விக்டோரியா மாநிலத்தின் பொதுப் பதிவேடுகள் சட்டமும் 1973தான், மாமா! ஆனால் நான் ஒன்றைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. நான் படித்த கனடாவில் ஓர் அலுவலகம் உருவாக்கிய பதிவுகளையெல்லாம் ஒரே தொகுதியாகப் பார்ப்போம். இங்கோ, திணைக்களங்கள் அடிக்கடி பிரிந்தும் பெயர் மாறியும் போவதால், பீட்டர் ஸ்கொட் 1960களில் வகுத்த முறைப்படி, கோப்பு வரிசையைத் தனியாகவும் அதை வைத்திருந்த திணைக்களங்களைத் தனியாகவும் விவரித்து இரண்டையும் இணைக்கிறார்கள்.

பெரியமாமா: தேர்தலுக்குத் தேர்தல் அமைச்சுகளைக் கலைத்துப் போடும் நம் நாட்டுக்கல்லவா அந்த முறை வேண்டும்!

கீர்த்தி: அக்கா, நானும் இப்படி வரலாமா? இங்கே ஒரு முகவர் அந்த விசாவுக்கென்று 25,000 ரூபாய் முற்பணம் கேட்கிறார்.

ஆரணி: ஒரு சதமும் கொடுக்காதே, தம்பி. என்னிடம் கனடியக் கடவுச்சீட்டு இருப்பதால் 417இல் வந்தேன். இதே வகையான 462 விசாவின் நாட்டுப் பட்டியலில் இந்தியா 2024இல் சேர்ந்தது. இலங்கை இரண்டு பட்டியலிலும் இல்லை. இந்தத் துறையில் உனக்கு உண்மையாகவே விருப்பமிருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பார். அந்த அனுபவத்தைக் காட்டி மாணவர் விசாவில் படிக்க வருவதே உனக்கு நேர்வழி.

சின்னம்மா: சம்பளம் கையில் நிற்கிறதா, பிள்ளை?

ஆரணி: முதல் 45,000 டொலருக்கு 15 வீதம் வரி, சின்னம்மா. முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பை நாடு திரும்பும்போது எடுத்தால் 65 வீதம் வெட்டுவார்கள்.

சின்னம்மா: அறுபத்தைந்தா! பெரியமாமா, நீங்கள் பென்சனைப் பற்றி இனி வாய் திறக்காதீர்கள்.