அப்பா கை எட்டுன இடத்துல ஒரு பென்சில் கோடு

எங்க வீடு மலேசியாவுல பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கம், பழைய வரிசை வீடு. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது வீட்டுல எத்தன படி இருக்குன்னு, வாசல்ல ஒன்னு, அடுப்படிக்கு இறங்குற எடத்துல ஒன்னு, பாத்ரூம் தண்ணி வெளிய வராம கட்டுன திட்டு ஒன்னு, முப்பது வருசமா தாண்டித் தாண்டிப் போனதுல கண்ணுலயே படல.

காசு குடுத்து ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பாத்ரூம்ல பிடிச்சிக்கிற கம்பி போட்டோம். டைல்ஸ் மேலயே ஸ்க்ரூ அடிச்சிட்டுப் போயிட்டாரு, ரெண்டே வாரம், அப்பா பிடிச்சி எந்திரிக்கையில கையோட வந்துருச்சு, அம்மா பின்னால நின்னதால தாங்கிட்டாங்க. அப்புறம் அப்பா தனியா உள்ள போகவே பயந்தாரு. எட்டு மாசம் நாந்தான் குளிக்க வெச்சேன். லோரி ஓட்டி எங்கள ஆளாக்குன மனுசன், மகன் முன்னால துணியில்லாம உக்கார்றப்ப கண்ண இறுக்க மூடிக்குவாரு.

கோயில்ல பழக்கமான ஒரு அண்ணன் சொல்லி ஒரு சனிக்கிழமை வீட்ட அப்பாவுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்க ஆறு பேரு வந்தாங்க. வெல்டிங் தெரிஞ்ச சீன அங்கிள் ஒருத்தர், படிக்கிற மலாய்ப் பையங்க ரெண்டு பேரு, மத்தவங்க நம்மாளுங்க. வந்ததும் அப்பா பக்கத்துல உக்காந்து "பசியாறிட்டீங்களா ஐயா"ன்னு ஆரம்பிச்சி, ராத்திரி எத்தன தடவ எந்திரிப்பீங்க, எந்தக் கையில பலம்னு எல்லாத்தையும் அவர்கிட்டயே கேட்டாங்க. அதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் எங்ககிட்டதான் கேப்பாங்க.

அவர நாற்காலியில உக்கார வெச்சி, எந்திரிக்கிற மாதிரி கைய நீட்டச் சொல்லி, வலது கை போய் நின்ன எடத்துல பென்சில்ல கோடு போட்டாங்க. கம்பி அங்கதான். செங்கல் வரைக்கும் துளை போட்டு போல்ட்டு இறக்கி, அந்த அங்கிள் உடம்போட தொங்கிப் பாத்துட்டுத்தான் விட்டாரு.

வாசப்படி 6 இன்ச் உசரம், வீல்சேர் இறங்குற ரேம்ப்புக்கு (சாய்வுப் பாதைக்கு) மூணடிப் பலகை போதும்னு நெனச்சிருந்தேன். 1க்கு 12 கணக்காம், ஒரு இன்ச் உசரத்துக்கு ஒரு அடி நீளம், அப்ப 6 அடி, இல்லன்னா இறங்கையில வீல்சேர் கைய விட்டு ஓடிரும். காரு நிக்கிற எடத்த ரேம்ப்பு பிடிச்சிக்கிச்சு, காரு இப்ப ரோட்டுல நிக்குது, நிக்கட்டும்.

மாற்றுத்திறனாளிங்களுக்குன்னு இங்க 2008லயே சட்டம் வந்துச்சு, பொது எடத்துல அவங்க பொழங்க வசதி வேணும்னு அதுல சொல்லியிருக்கு, நம்ம வீட்டு பாத்ரூமுக்குள்ள இந்த மாதிரி ஆளுங்கதான் வராங்க. கூலியே வாங்கல, சாமான் காசு மட்டும் ரசீதோட. அம்மா பிரட்டுன மீஹூன (அரிசி சேமியா) ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டாங்க, அதுலயே அம்மாவுக்கு அவ்ளோ சந்தோசம்.

மறுநாள் அப்பா உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு. அம்மா வெளிய நின்னு ஒவ்வொரு சொம்புத் தண்ணி சத்தத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

———

படிச்சிட்டு அழுதுட்டேன் தம்பி. நாங்க கோலாலம்பூர், செந்தூல் பிளாட்டு. எங்க அக்காவுக்கும் இதே மாதிரி வந்து செஞ்சாங்க, பாத்ரூம் கதவு உள்பக்கமா தொறக்கும், உள்ள விழுந்துட்டா தள்ளக்கூட முடியாதுன்னு சொல்லி வெளிப்பக்கமா தொறக்குற மாதிரி மாத்திக் குடுத்தாங்க, எங்களுக்கு அது தோணவே இல்ல. அப்பா இப்ப எப்படி இருக்காரு?

———

நல்லா இருக்காரு அக்கா. நேத்து ரேம்ப்புல அவரே இறங்கி வாசல் கேட்டு வரைக்கும் போயி பேப்பர் எடுத்துட்டு வந்தாரு.