கரிசல் பருத்தியும் காரிடார் பருத்தியும்

செங்காங் காரிடார்க்காரி:

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டு வாசல் காரிடாரில், தொட்டியில் ஒரு பருத்திச் செடி. இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக விழும். பிப்ரவரியில் மழை விட்டு வறட்டுக் காற்று மட்டும் அடித்த வாரங்களில், காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். தட்டில் தண்ணீர் நிற்கட்டும் என்று விட முடியுமா? கொசு வந்தால் அபராதம். இலை தொங்கியது கூடப் பரவாயில்லை. மொட்டெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பட்டாணி அளவுப் பிஞ்சும் போச்சு. பெரிய காய்கள் மட்டும் அசையவே இல்லை. வறட்சி தாங்கும் பயிர் என்கிறார்களே, ஊரில் பருத்தி போட்டவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ், ஊர் விளாத்திகுளம் பக்கம்:

அக்கா, செடி கணக்குப் பார்த்துத்தான் உதிர்த்திருக்கிறது. ஈரம் குறைந்தால் முதலில் சப்பை, அதாவது மொட்டு, விழும், அப்புறம் பூத்து சில நாளே ஆன பிஞ்சு. இரண்டு வாரம் தாண்டிய காயை லேசில் விடாது. இருக்கிற தண்ணீரில் எதைத் தேற்ற முடியுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். நெல் மாதிரி ஒரே மூச்சில் பூத்து முடிகிற பயிர் இல்லையே. மழை திரும்பினால் மேலே புதுச் சப்பை வைக்கும்.

எங்களுடையது மானாவாரி, கிணறு கிடையாது. விதையில் ஒட்டிய பஞ்சு படியச் சாணியில் புரட்டி உலர்த்தி, ஐப்பசி மழையை நம்பி ஊன்றுவோம். தை பிறந்தால் மேல்மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனாலும் செடி நிற்கும். ஆழமான மண்ணில் ஆணிவேர் ஒன்றரை மீட்டருக்கும் கீழே போகும். கரிசல் அடைமழையில் குடித்ததை அங்கே பிடித்து வைத்திருக்கும். மதியம் இலை துவண்டு பொழுது சாய நிமிர்ந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். விடிந்தும் துவண்டு கிடந்தால்தான் பேச்சு மாறும்.

அப்பா இலையை விடப் பூவைத்தான் பார்ப்பார். அன்று விரிந்த பூ வெளிர் மஞ்சளாக இருக்கும், மறுநாள் சிவந்துவிடும். அன்றைய பூவுக்கு மேலே தண்டில் எத்தனை கணு என்று விரலால் தொட்டு எண்ணுவார். ஏழெட்டு இருந்தால் செடியில் தெம்பு இருக்கிறது. நாலைந்துக்கு இறங்கி, பூ உச்சியை எட்டிவிட்டால் அதற்கு மேல் பெரிதாகக் காய்க்காது. ஈரம் குறையக் குறைய கணு இடைவெளியும் சுருங்கிவிடும்.

உங்கள் தொட்டி ஒரு அடி ஆழம் இருக்குமா? அதில் வேர் எங்கே போகும்? வறட்சி தாங்கும் என்ற பெயரே மண்ணால் வந்ததுதான், அக்கா.

ஈசூன் சமூகத் தோட்டம்:

தம்பி சொன்ன கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செடிக்கும் பங்கு உண்டு. கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தி தாங்குகிற வறட்சியை அமெரிக்க இனத்து வீரிய ரகங்கள் தாங்காது. தண்ணீர் தவறினால் மகசூல் சட்டென்று விழும்.

நாங்கள் ஆத்தூர்ப் பக்கம், இறவைப் பருத்தி. கிணறு கீழே போகும் வருஷங்களில் செடி வரிசைகளுக்கு நடுவே போகும் சாலில் ஒரு சால் விட்டு ஒரு சாலுக்குப் பாய்ச்சி, அடுத்த முறை மாற்றுவோம். இளம் செடியைக் கொஞ்சம் காயவிட்டால் வேர் கீழே இறங்கும். மிச்சப்படுத்திய தண்ணீர் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் வேண்டும். அப்போது கை சுருக்கினால் மொத்தமும் போயிற்று.

சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை. இங்கே தோட்டத்தில் எனக்கு எதிர்த் தொல்லைதான். மண்ணில் நீர் தேங்கி வேருக்குக் காற்று இல்லாவிட்டாலும், நாள்கணக்கில் மூடாப்புப் போட்டாலும் சப்பை உதிரும். விரிந்த பூவில் மழை பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகும். அந்த வகையில் உங்கள் காரிடார் கூரை ஒரு வரம். முழங்கால் உயர வாளி, அடியில் ஓட்டை, மேலே காய்ந்த சருகு மூடாக்கு. செப்டம்பரில் ஊன்றினால் பிப்ரவரி வாக்கில் காய் வெடிக்கும், அப்போதுதான் பஞ்சு நனையாது.

செங்காங் காரிடார்க்காரி:

வாளிக்குச் சொல்லியாகிவிட்டது, ஐயா. தீயணைப்பு விதிக்கு 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அளந்துவிட்டேன். ஆழத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்றைய பூவுக்கு மேலே மூன்று கணுதான் இருக்கிறது தம்பி, இந்தச் செடியை வைத்திருக்கவா, பிடுங்கவா?