பலன கோட்டைக்குப் பிள்ளைகளுடன் செல்லலாமா?

கேள்வி: அட்டனிலிருந்து இரயிலில் சென்று ஒரே நாளில் திரும்பும்படி, பழைய கோட்டை இடிபாடு ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். பலன பொருத்தமான இடமா?

மறுமொழி 1: தாராளமாகச் செல்லுங்கள், ஐயா. கடுகண்ணாவைக்கு அருகே கண்டிக்கு ஏறும் கணவாயைக் காத்த இக்கோட்டைக்காகவே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரும் கண்டி அரசரும் மாறி மாறிப் பொருதினர். பலன என்னும் சிங்களச் சொல்லே பார்ப்பதைக் குறிக்கும். மேலே நின்றால் அதன் காரணம் கண்முன் விரியும். எஞ்சியிருப்பவை கல் அடித்தளங்களே. அவற்றின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மழைக்காலமெனில் அட்டைக்கடிக்கு உப்போ சவர்க்காரமோ அவசியம்.

மறுமொழி 2: ஏறுவது கடினமெனில் மாத்தளைக்குச் செல்லுங்கள். 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டவல் கோட்டையின் நுழைவாயில் இன்றும் நிற்கிறது. உள்ளே கல்லறைகள் இருப்பதால் அமைதி காப்பது நம் கடமை.

கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் பலனவுக்கே செல்கிறோம்.