நெய்ஜின் என்பதற்குத் தமிழில் என்ன: அகவலியா, உள்விசையா, உரனா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஷாவொலின் (சீனப் பௌத்த மடத்துப் போர்க்கலை) வழிப் பயிற்சிக் குறிப்பேடு ஒன்று தமிழாகிறது. சீ, லீ, ஜின் என்ற மூன்று சீனச் சொற்களில் சிக்கல். மூன்றையும் ‘சக்தி’ என்று எழுதிவிட்டால் எதைப் பயில்வது என்றே தெரியாமல் போகும். சீ உடலில் ஓடும் உயிர்மூச்சு. லீ தசையின் பலம். ஜின் பழகிப் பழகி வருவது: பாதம் தரையை ஊன்ற, இடுப்பு திரும்ப, முதுகு வழியே கைக்கு வந்துசேரும் விசை. நெய்ஜின் என்றால் உள்ளே விளைந்த ஜின். சீயை ஒலிபெயர்க்க முடியாது; ‘தினமும் காலையில் சீ பயிலுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள்!

என் முன்மொழிவு: சீ = உயிர்ப்பு, லீ = வலு, நெய்ஜின் = அகவலி.

– ஏற்காட்டிலிருந்து

*

அம்மா, ‘உயிர்ப்பு’ கச்சிதம். பழந்தமிழில் அது மூச்சு. சீனச் சொல்லுக்கும் மூச்சு, காற்று, ஆவி என்ற பொருள்கள் உண்டு. ‘அகவலி’ மட்டும் வேண்டாம். படிக்கிறவர் மாத்திரை தேடுவார். ‘உள்விசை’யும் ஒத்துவராது, அது பொறியியல் பாடத்துக்குப் போய்விடும்.

சொல்லுக்கு முன் பொருளைச் சோதிக்க ஒரு வழி. மாணவரை நிற்க வைத்து, மார்பில் உள்ளங்கையால் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு சட்டென்று கையை எடுங்கள். முன்னால் சாய்ந்து எதிர்த்தவர் தடுமாறி விழுவார்; அது வலு. அழுத்தத்தைப் பாதத்துக்கு இறக்கியவர் அப்படியே நிற்பார். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

அதை வளர்ப்பது தூண்நிலை. பாதங்கள் தோளகலம், விரல்கள் நேர் முன்னே. முழங்கால் லேசாக மடங்கட்டும், கால்விரலைத் தாண்டக்கூடாது. வால் எலும்பு கீழ்நோக்கித் தொங்கட்டும். மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகள் மார்புயரத்தில், முழங்கை தோளுக்குக் கீழே. நாக்கு நுனி மேலண்ணத்தில். முதல் வாரம் 3 நிமிடம் போதும். வாரம் ஒரு நிமிடம் கூட்டி 20 வரை போகலாம். தொடை நடுங்கினால் பயமில்லை. முழங்கால் வலித்தால் நிறுத்துங்கள்: கால்முட்டி உட்பக்கம் சரிந்திருக்கும், அல்லது தாழ்ந்தது அதிகம். தலை சுற்றினால் மூச்சை அடக்கியிருப்பார், இல்லை முழங்காலைப் பூட்டியிருப்பார். இடுப்பு வலி வந்தால் பின்புறம் தள்ளி நிற்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் மலைக்குளிரில் மூட்டை 10 நிமிடமாவது சூடேற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கீழே எங்களுக்குச் சித்திரையில் காலை ஆறு மணிக்கு மேல் நிற்க முடியாது.

– சிலம்ப வாத்தியார், அம்மாப்பேட்டை, சேலம்

*

‘உள்ளுரம்’ என்று வைத்தால்?

– ஆத்தூரிலிருந்து

*

தம்பி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் அதைச் சொன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ‘உரன்’ என்றால் எருவின் சாயல் போய்விடுகிறது. ஐம்புலன்களை அடக்கும் தோட்டிக்கு (அங்குசத்துக்கு) 24ஆம் குறளில் அந்தப் பெயர்தான். உடல் உறுதி, மனத் திண்மை இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. பௌத்தப் போர்க்கலைக்கு வேண்டியதும் அதுதானே? 1947இல் டோஷின் சோ ஜப்பானின் டடோட்சுவில் தொடங்கிய ஷோரின்ஜி கெம்போவில் ‘வலிமையும் அன்பும் இரண்டல்ல’ என்பது அடிப்படைக் கொள்கை. இருவர் சேர்ந்து பழகுவதே முறை. எதிரில் நிற்பவரின் மணிக்கட்டைத் தேவைக்கு மேல் முறுக்குகிறவருக்கு வலு இருக்கிறது, உரன் இல்லை.

ஒழுக்கவிதிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘சீலம்’ மணிமேகலையிலேயே இருக்கிறது.

– ஏற்காட்டிலிருந்து

*

உரன் எனக்குச் சம்மதம். ‘தோளைத் தூக்கினால் உரன் தோளிலேயே தங்கிவிடும்’ என்று பிள்ளைகளிடம் சொல்லலாம், நாக்கில் உட்காருகிறது. அறிமுகத்தில் மட்டும் ‘போதிதர்மர் தந்த உரன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘தசைநார் மாற்ற நூல்’ (யீஜின் ஜிங்) என்ற பயிற்சி நூலை அவர் பெயரில் ஏற்றிச் சொல்வது வழக்கம். அதன் பின்னுரையில் உள்ள நம்பத்தகுந்த ஆண்டு 1624. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது.

டான்டியனுக்கு, அதாவது உயிர்ப்பு திரளும் இடத்துக்கு, என்ன வைத்திருக்கிறீர்கள்?

– அம்மாப்பேட்டை

*

உந்திக்களம். கொப்பூழுக்கு மூன்று விரற்கடை கீழே, உள்ளே. சீனத்திலும் அது ‘வயல்’தான். தியாகனூரில் அமர்ந்திருக்கும் புத்தரின் மடியில் கைகள் சேரும் இடத்தைக் காட்டினால் விளக்கமே வேண்டாம்.

– ஏற்காட்டிலிருந்து

*

அழகான சொல், வகுப்பில் செல்லாது. பிள்ளைகளுக்கு உந்தி என்றால் தெரியாது. ‘அடிவயிறு’ என்றே போடுங்கள். உந்திக்களம் சொல்லடைவில் இருக்கட்டும்.

– அம்மாப்பேட்டை

*

சரி வாத்தியாரே. இன்னும் ஒன்று: ஃபாஜின். அடி படும் கணத்தில் மொத்தத்தையும் வெளியே அனுப்புவது. ‘உரன் விடுதல்’?

– ஏற்காட்டிலிருந்து

*

விடுதல் என்றால் கைவிட்டதுபோல் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, ‘உரன் பாய்ச்சுதல்’. நடுவில் எங்கே அடைத்தாலும் கடைசி வயலுக்கு வராது.

– அம்மாப்பேட்டை