எல்லா யாழ்ப்பாணப் பாட்டுக்கும் ஏன் பனையும் கிடுகுவேலியும்?

ஆரியகுளத்தான்:
போன கிழமை எங்கட பெடியள் மூண்டு பேர் யூரியூப்பில ஒரு ராப் பாட்டு விட்டவை, லீசிங்கில ஓட்டோ எடுத்துப்போட்டு மாசக்காசு கட்ட ஏலாமத் திரியிற ஒருத்தன்ர கதை, கேட்டு முடிய நெஞ்சு பாரமாப் போச்சு. ஆனா பாட்டை அழுத்த முதல் தெரியிற சின்னப் படத்தை, அந்தத் தம்ப்நெயிலைப் பாத்தா பனை, கிடுகுவேலி, படலை, பின்னால சூரியன் மறையுது. பாட்டில ஒரு பனங்காய் கூட இல்லை! அவன் இருக்கிற ஒழுங்கையில இப்ப ரெண்டு பக்கமும் சீமெந்து மதில்தான். உது ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருந்து ஊரை நினைக்கிற சனத்துக்கெண்டு செய்த படம். உள்ள ஒண்டு வெளிய ஒண்டு, இது ஏமாத்துத்தான்.

கீறல்:
அண்ணை, அந்தப் படம் நான் செய்ததில்லை, ஆனா உதே வேலைதான் நானும் செய்யிறன், அதால சொல்லுறன். போனில அது நகத்தளவுதான் தெரியும். பனை எண்டா ஒரு கோடும் ஒரு தலையும், எவ்வளவு சின்னனாக்கினாலும் பனை பனைதான், ஓட்டோவை அந்தளவுக்குச் சுருக்கினா பூச்சி மாதிரிக் கிடக்கும். மற்றது காசு, கனடாவில ஒருத்தர் பாத்தா வாற விளம்பரக் காசு இஞ்ச பாத்தா வாறதை விடக் கூட, பிறகு ஆரைப் பாத்து அட்டை செய்யிறது? இது புதுசும் இல்லை, 1940இல அமெரிக்காவில கொலம்பியா கொம்பனிக்கு அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் எண்டவர் இசைத்தட்டு உறையில படம் போடத் தொடங்கினவர், அதுக்கு முதல் பெரும்பாலும் வெறும் கடதாசி உறைதான், கடையில பத்துத் தட்டை அடுக்கி வைச்சா எது ஆருக்கெண்டு தெரியாது.

மானிப்பாய் அக்கா:
தம்பி, நாங்கள் 80களில றெக்கோடிங் பாருக்குப் பாட்டு லிஸ்ற் எழுதிக் குடுத்து வெறும் கசற்றில அடிச்சு எடுத்தனாங்கள். அட்டையில கடைக்கார அண்ணையின்ர கையெழுத்து மட்டும்தான். 90க்குப் பிறகு கறண்டும் இல்லை பற்றரியும் இல்லை, தம்பியார் சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்துவான், டைனமோவில அதே கசற்றைக் கேப்பம், அவன் களைச்சா பாட்டு இழுபடும். ஒரு படமும் எங்களை இழுத்துக்கொண்டு வரேல்லை.

கீறல்:
அக்கா, "பிள்ளை, உங்களுக்கு இது பிடிக்கும்" எண்டு எடுத்துத் தந்தது ஆர்? அந்த அண்ணைதானே. அவர் செய்த வேலையை இப்ப அந்த நகத்தளவு படம் செய்யவேணும். நான் பட்டுத்தான் படிச்சனான். முருகன் பாட்டு சீடி ஒண்டுக்குச் சாம்பல் நிறத்தில மெல்லிசா ஒரு வேல் மட்டும் போட்டு அட்டை செய்தன், அழகெண்டு நினைச்சன். நல்லூர்த் திருவிழாக் கடையில ஒரு அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "ஆற்ற கல்வெட்டு மோனை?" எண்டு கேட்டவ. அந்தியேட்டியில குடுக்கிற புத்தகமெண்டு நினைச்சிட்டா. அந்தச் சாம்பல் நிறத்தை அவ செத்தவீட்டிலதான் கண்டிருக்கிறா. பிறகு சிவப்பும் மஞ்சளுமா மாத்தி அடிச்சம், அதே பாட்டு, அதே விலை, சனம் கையில எடுத்துது.

மானிப்பாய் அக்கா:
அது சரிதான். இந்தியாவில சரிகம எண்ட பாட்டுக் கொம்பனிக்காரர் 2017இல காரவான் எண்டு ஒரு பாட்டுப்பெட்டி விட்டவையெல்லோ, பாக்க அந்தக்கால ரேடியோ, உள்ள 5000 பழைய பாட்டு. அம்மாவுக்கு ஒண்டு வாங்கிக் குடுத்தன். போனைத் தொடவே பயப்பிடுற மனிசி, இதை மடியில வைச்சு ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே குமிழைத் திருகினவ. விளம்பரம் அம்மாவோட கதைக்கேல்லை, "அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடு" எண்டு பிள்ளையளோடதான் கதைச்சுது, நானும் அதில விழுந்துதான் வாங்கினனான். ஆனா ஏமாறேல்லை. பழைய பெட்டிக்குள்ள பழைய பாட்டுத்தான் இருந்தது.

ஆரியகுளத்தான்:
அக்கா, அதைத்தான் நானும் சொல்லுறன்! அங்க பெட்டியும் பாட்டும் பொருந்துது. இஞ்ச கடன்காரன்ர பாட்டுக்குச் சூரியன் மறையுது. ஆளைக் கூப்பிடட்டும், ஆனா பாட்டில இருக்கிறதைக் காட்டிக் கூப்பிடட்டும். இப்பிடியே போனா ஓட்டோ ஓடுற பெடியன் இது தன்ர பாட்டெண்டு தெரியாமலே தாண்டிப் போயிடுவான்.

ஸ்காபரோ வாசி:
நான் 96இல ஊரை விட்டு வந்தனான். உண்மையைச் சொல்லுறன், பனையைக் கண்டுதான் அந்தப் பாட்டை அழுத்தினன், ஓட்டோப் படம் எண்டா சென்னைப் பாட்டாக்கும் எண்டு தாண்டியிருப்பன். பாத்தது ஊர்ப் படம், கேட்டது லீசிங் கதை, அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்லை. பனை இல்லாட்டி அந்தக் கதை என்னட்ட வந்திராது, இதை ஏமாத்தெண்டு சொல்லாதேங்கோ.

ஆரியகுளத்தான்:
உங்களுக்கு வந்து சேந்தது சந்தோசம் அண்ணை. இஞ்ச இருக்கிறவனுக்கும் சேரவேணும், அவன்ர கதைதானே அது.

கீறல்:
ஓட்டோவின்ர பின்பக்கம் மட்டும், ரெண்டு சிவப்பு லைற், நடுவில வடமாகாணத்துக்குரிய என்பி (NP) எழுத்துப் போட்ட நம்பர் பிளேற். வடக்கு எண்டு அங்க இருக்கிறவைக்கும் விளங்கும், இஞ்ச ஓடுறவனுக்கும் தன்ர வண்டியெண்டு தெரியும். ஆனா நகத்தளவில அந்த எழுத்துத் தெரியுமோ எண்டதுதான் பிரச்சினை. இரவைக்கு ரெண்டு மூண்டு விதமாக் கீறி இதிலயே போடுறன், போனில பாத்திட்டுச் சொல்லுங்கோ.