மறுமொழி: 'ஹார்ட்-பாயில்டு' துப்பறியும் நாவல் – 'இறுகுநடை' என்னும் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

உணர்ச்சியை வெளிக்காட்டாத துப்பறிவாளரை வறண்ட நடையில் சொல்லும் அமெரிக்கக் குற்றப்புனைவைக் குறிக்கும் 'ஹார்ட்-பாயில்டு' என்னும் வகைப்பெயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கும் இவ்விழையில் இதுவரை வந்துள்ள 'முரட்டுத் துப்பறிவு', 'வன்துப்பறிவு', 'முழுவேக்காட்டுத் துப்பறிவு', 'கறார்த் துப்பறிவு' ஆகிய நான்கில் எதுவும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. இவ்வகையின் செவ்வியல் படைப்பாகப் பலரும் ஏற்கும் டேஷியல் ஹேமட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலை முன்னிறுத்தி, பெயர் எதைச் சுட்டவேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1929 செப்டம்பரில் 'பிளாக் மாஸ்க்' இதழில் தொடராகத் தொடங்கி 1930இல் நூலான அந்நாவலின் இரண்டாம் அத்தியாயம், இருட்டில் ஒலிக்கும் தொலைபேசி மணியோடு தொடங்குகிறது. தொழில் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர் இறந்துவிட்டான் என்ற செய்தி நாவலின் நாயகனான துப்பறிவாளன் சாம் ஸ்பேடுக்கு அதில் வருகிறது. ஸ்பேட் ஓரிரு சொற்களில் பேச்சை முடித்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி சிகரெட் சுருட்டத் தொடங்குகிறான். வளைத்த தாளில் புகையிலைத் தூளை அளவாக இட்டு, மேடு பள்ளமின்றிப் பரப்பி, விரல்களால் உருட்டி, ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டுகிற ஒவ்வோர் அசைவையும் ஹேமட் அவசரமே இல்லாமல் எழுதுகிறார். ஆனால் ஸ்பேடுக்கு அந்நேரத்தில் துயரமா, அதிர்ச்சியா, அல்லது ஆர்ச்சரின் மனைவியோடு தனக்கிருந்த உறவை எண்ணிக் கலக்கமா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாவல் முழுவதிலும் கதைசொல்லும் குரல் அவன் மனத்துக்குள் நுழைவதே இல்லை. முகம், கண், கை, பேச்சு ஆகியவற்றைக் கொண்டு வாசகரே உய்த்துணர வேண்டியதுதான். ஹேமட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றியவர். கண்டதை மட்டும் அறிக்கையாக எழுதும் பழக்கம் அங்கிருந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே இவ்வகையின் உயிர்நாடி அடிதடியில் இல்லை, சொல்முறையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கும், அது வளர்த்துவிட்ட கள்ளச்சாராயக் கும்பல்களும், விலைபோன காவல்துறையும் இக்கதைகளுக்கு ஏராளமான பிணங்களைத் தந்தன என்பது உண்மையே. ஹேமட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் ஊரே சுடுகாடாகிறது. ஆனாலும் ஸ்பேடிடம் 'நீ என்ன துப்பாக்கி வைத்திருக்கிறாய்' என்று காவலர் கேட்கும்போது, எதுவும் இல்லை, துப்பாக்கிகளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்றே அவன் சொல்கிறான். 'முரட்டு' என்னும் அடைமொழி அவனுக்குப் பொருந்தாது. 'வன்' என்பதையோ கணினித்துறை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 'வன்துப்பறிவு' என்றதும் கணினியின் வன்தட்டைக் (ஹார்ட் டிஸ்க்) கழற்றித் தடயம் தேடுகிற ஒருவர்தாம் என் கண்முன் வருகிறார்.

'முழுவேக்காடு' சுவையான முயற்சி. முட்டையை நன்றாக வேகவைத்த உருவகம் ஆங்கிலப் பெயரிலேயே இருப்பதால் அதை முன்மொழிந்த நண்பர் அப்படிச் சென்றது இயல்பு. ஆனால் தமிழில் 'அரைவேக்காடு' என்பது பக்குவம் போதாதவரைக் குறிக்கும் வசவு. அதன் எதிர்ச்சொல் பக்குவத்தைச் சுட்டுமே அன்றி உணர்ச்சி காட்டாமையைச் சுட்டாது. 'அவித்தல்' என்னும் வினையில் வேகவைத்தலும் அடக்குதலும் ஒருங்கே இருப்பது எனக்கும் சபலமூட்டியது. இருப்பினும் 'ஐந்தவித்தான்' என்று குறள் போற்றும் இடத்தில் ஸ்பேடைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு மனம் வரவில்லை. அவனுடைய ஐம்பொறிகளும் நன்றாகவே வேலை செய்கின்றன.

எஞ்சியிருப்பது 'கறார்'. காசிலும் பேச்சிலும் ஸ்பேட் கறார்ப் பேர்வழிதான். தான் காதலித்திருக்கக்கூடியவளும் ஆர்ச்சரைக் கொன்றவளுமான பிரிஜிட் ஓஷானஸியைக் காவலரிடம் ஒப்படைக்கும்போது, காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லுமளவுக்குக் கறார். ஆனால் அந்த இடத்தைக் கவனமாகப் படித்தால், அவன் தன்னையே இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எண்ணுகிறான் என்பது புலப்படும். உள்ளே ஒன்றுமே இல்லாதவனுக்கு அத்தனை காரணங்கள் தேவைப்படா. ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் 'த பிக் ஸ்லீப்' நாவலில் அறிமுகப்படுத்திய துப்பறிவாளன் பிலிப் மார்லோ, 'நான்' என்று தன்மையிடத்தில் கதை சொல்பவன். மனத்தில் பட்டதையெல்லாம் பேசுபவன். ஆயினும் வலிக்கிற இடம் வந்ததும் குத்தலும் கேலியுமாகப் பேச்சைத் திருப்பிவிடுவான். இவ்விருவரையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர 'கறார்' போதாது.

எனவே 'இறுகுநடை' என்பதை முன்மொழிகிறேன். இறுகுதல் என்னும் வினை, முன்பு இளகியிருந்த ஒன்று கெட்டிப்பட்டதைக் குறிக்கும். 'இறுகிய முகம்' என்று நாம் நாள்தோறும் சொல்வதும் இதே பொருளில்தான். வினைத்தொகை ஆதலால் இறுகிய, இறுகுகின்ற, இறுகும் என முக்காலத்துக்கும் இடமுண்டு. புனைவு வகையை 'இறுகுநடைத் துப்பறிபுனைவு' என்றும், நாயகரை 'இறுகுமனத் துப்பறிவாளர்' என்றும் வழங்கலாம். தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நாவலாசிரியரான ஆரணி குப்புசாமி முதலியார் காலம்தொட்டுப் புழங்கிவரும் 'துப்பறியும் நாவல்' என்பதை விட மனமில்லாதவர்கள் 'இறுகுநடைத் துப்பறியும் நாவல்' என்றே எழுதலாம், இலக்கணம் தடுக்காது.

'நுவார்' (பிரெஞ்சு மொழியில் 'கறுப்பு') என்னும் குற்றப்புனைவு வகையையும் கலைச்சொல் தொகுப்பின் இதே பதிவில் அடக்கிவிடலாம் என்ற கருத்தை மட்டும் நான் மறுக்கிறேன். அப்பெயர் பிரான்சில் 1945இல் மார்செல் துஹாமெல் தொடங்கிய 'செரி நுவார்' நூல்வரிசையால் பரவியது. ஜேம்ஸ் எம். கெய்னின் நாவல்களில் போல, அங்கே கதையின் நடுவில் நிற்பவர் பெரும்பாலும் குற்றத்தில் சிக்கியவரே; துப்பறிபவர் இல்லாமலும் கதை நடக்கும். அதற்கு 'கரும்புனைவு' எனத் தனிப்பதிவு இடுவதே முறை. தொகுப்பாளர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று சுட்டி அமைத்தால் போதுமானது.